நான் இல்லாத குறூப்

என் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரிய முதலே டொரண்டோவுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு லண்டனுக்குத் தெரிந்தது. அதற்கும் பிறகு, என்னோடு ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடுகிற என் தங்கைக்குத் தெரிந்தது. கடைசி ஆள் நான். வயிறு மட்டும்தான் என்னுடையது.

எழுதினால் கோபம் ஆறும் என்று ஒருவர் சொன்னார். ஆறவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தையில் இப்படி நடக்கிற முதல் வீடு எங்களுடையது இல்லை என்று இப்போது தெரிகிறது.

நாங்கள் நான்கு பிள்ளைகள், ஆண் இரண்டு, பெண் இரண்டு. அண்ணா இளந்தாரியாகக் கனடாவுக்குப் போனவர். இப்போது அவருக்குப் பேரப்பிள்ளைகள். தம்பி லண்டனில். நானும் தங்கையும் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். தங்கை கணவனை இழந்த பிறகு என்னோடு வந்து சேர்ந்தவள். நான் கல்யாணம் கட்டவில்லை. புறக்கோட்டையில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றேன். யாரையும் நம்பி நான் இருக்கவில்லை என்று மார்தட்ட ஆசைதான். ஆனால் நாங்கள் இருக்கிற வீடு அண்ணா வாங்கியது. அன்றாடச் செலவு என்னுடையது, பெரிய செலவு அண்ணாவுடையது. வெளிநாட்டில் ஒருவர் இருக்கிற வீடுகளில் இது எழுதாத சட்டம். காசு எங்கேயிருந்து வருகிறதோ, முடிவும் அங்கேயிருந்துதான் வரும்.

கொழும்பில் வருத்தம் வந்தால் நாங்கள் 'சனல்' பண்ணுவோம். அதாவது, இந்த வருத்தத்துக்கு இந்தப் பெரிய டொக்டர் என்று நாங்களே தீர்மானித்து, பின்னேரத்தில் அவர் வந்து இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில் நம்பர் எடுப்போம். முன்பெல்லாம் அதற்கு முன் ஒழுங்கை முனையில் இருந்த எங்கள் குடும்ப டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம். அவர் நாக்கைப் பார்த்து, வயிற்றை அமுக்கி, யாரிடம் போகவேண்டும் என்று ஒரு துண்டு எழுதித் தருவார். இப்போது அவரைத் தாண்டிப் போக ஒரு செயலி வந்துவிட்டது. புடவைக் கடையில் சேலைகளை விரித்துப் போட்டது போல டொக்டர்மாரின் படங்கள் அதில் வரிசையாக இருக்கும். தட்டித் தெரிவு செய்ய வேண்டியதுதான். யாரும், உலகத்தில் எங்கே இருந்தும், யாருக்காகவும் நம்பர் எடுக்கலாம்.

எனக்கு வந்தது மலத்தோடு இரத்தம். சொல்லக் கூசுகிற வருத்தம் என்பதால் முதலில் தொலைபேசியிடம்தான் சொன்னேன். மூலம் என்று அது சொன்னது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர் வீடியோவில் வந்து, துத்திக்கீரையை நெய்யில் வதக்கிச் சாப்பிடச் சொன்னார். வெள்ளவத்தைச் சந்தையில் துத்திக்கீரை கேட்டுத் திரிந்தேன். கீரை விற்கிற மனுஷி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வல்லாரையைத் தந்தாள். கொஞ்ச நாள் வல்லாரையும் சாப்பிட்டேன்.

பிறகு ஒருநாள் லிஃப்ட் பழுதாகி, படியேறி வந்தபோது மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். தங்கை பயந்துபோய் அண்ணாவுக்குப் போன் எடுத்தாள். அண்ணா அங்கிருந்தபடியே செயலியைத் திறந்து, படங்களைப் பார்த்து, படிப்பைப் பார்த்து, ஒரு சத்திரசிகிச்சை டொக்டரை எனக்காகத் தெரிவு செய்தார். நல்ல தெரிவுதான், அதில் நான் குறை சொல்லமாட்டேன். செயலி ஒரு தொலைபேசி நம்பர் கேட்டது. செயலி அவருடையது, கார்ட் அவருடையது. ஆகவே நம்பரையும் அவருடையதாகவே போட்டார். என் பெயர், என் வயது, என் அடையாள அட்டை இலக்கம், கனடா நம்பர். அந்த நேரத்தில் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. தங்கையும் எடுக்கவில்லை. வீட்டில் யாராவது ஒருவரின் நம்பர் என்றால் போதாதா?

சித்திரை வருடப் பிறப்புக் கழிந்த கையோடு ஸ்கான் எடுத்தார்கள், குடலுக்குள் கமரா விட்டும் பார்த்தார்கள். மயக்கம் தெளிந்து நான் கண் விழித்தபோது டொக்டர் வராந்தாவில் நின்று தங்கையோடு கதைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆஸ்பத்திரிகளில் இது வழமை. நோயாளி கட்டிலில், செய்தி வாசலில். ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், ஏதோ புண் என்றும் தங்கை வந்து சொன்னாள். அவள் கண் சிவந்திருந்தது. அவள் எதற்கும் அழுகிறவள், நாடகத்துக்கும் அழுவாள், அதனால் நான் அதற்குக் கணக்கு வைக்கவில்லை.

பரிசோதனை முடிவு வரும்போது அது தொலைபேசிக்கு ஒரு இணைப்பாக வரும். அமுக்கினால் ரிப்போட் திறக்கும். அது கனடாவுக்குப் போனது. அண்ணா அதைத் திறந்து வாசித்து, தங்கைக்கும் தம்பிக்கும் அனுப்பினார். பிறகு தங்கை 'ரிப்போட் காட்ட' என்று புறப்பட்டாள். வெளியூர் வாசகர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்களில், நோயாளியை வீட்டில் இருத்திவிட்டு ரிப்போட்டை மட்டும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டிவிட்டு வருவது சாதாரணம். அலைச்சல் மிச்சம் என்று நாங்களே அதை விரும்புவோம். அன்று எனக்கும் களைப்பாக இருந்தது. நீயே போயிட்டு வா என்று நான்தான் சொன்னேன். தங்கை வந்து, புண்தான், மருந்தோடு மாறிவிடும், அண்ணா கனடாவிலிருந்து நல்ல மருந்து அனுப்புகிறார் என்றாள்.

அண்ணாவின் மருந்து, ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் சூட்கேசில் வந்து சேர்ந்தது. பெரிய வெள்ளைப் போத்தல்கள். மூடியைத் திறந்தேன், வாசம் அடித்தது, லேபிளை வாசித்தேன். மஞ்சள். குளிசைக் கூட்டுக்குள் அடைத்த மஞ்சள். குசினியில் போத்தல் நிறைய மஞ்சள் வைத்திருக்கிற ஒருத்திக்குக் கனடாவிலிருந்து மஞ்சள் இறக்குமதி. நான் சிரித்தேன். எங்கள் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் அதைப் படம் எடுத்துப் போட்டு, அடுத்த முறை மல்லியும் மிளகும் அனுப்புங்கோ, ரசம் வைப்பம் என்று எழுதினேன். ஒருவரும் சிரிப்புப் படம்கூடப் போடவில்லை. சாதாரணமாகத் தம்பி அப்படிப்பட்ட சந்தர்ப்பத்தை விடுகிறவன் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு ஒன்லைன் வைத்தியர் வந்தார். இந்தியாவில் எங்கேயோ இருந்தார். தம்பி ஒழுங்கு செய்தது. நான் திரைக்கு முன்னால் நாக்கை நீட்ட வேண்டும், நகத்தைக் காட்ட வேண்டும். வெளிச்சம் போதாது என்று தங்கை என்னை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள். எதிர் மாடிக் கட்டடத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பெண், நான் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வைத்தியர் உடம்பில் சூடு அதிகம் என்றார். ஏதோ தூள் வந்தது. இரத்தம் நிற்கவில்லை. நான் மெலிந்துகொண்டு போனேன், சட்டைகள் எல்லாம் தோளால் இறங்கின. இதுவும் ஒரு புண்ணா என்று எனக்குள் சந்தேகம் வந்தது. தங்கையிடம் கேட்டால் அண்ணாவுக்குத் தெரியும் அக்கா என்பாள். அண்ணாவிடம் கேட்டால் யோசியாதை பிள்ளை என்பார். குடும்ப டொக்டரிடம் போவோமென்றால், அவர் இப்போது வாரத்தில் ஓரிரு நாள்தான் வருகிறாராம் என்று தங்கை தடுத்தாள்.

எனக்கு விஷயத்தைக் காட்டித் தந்தது சாப்பாட்டு மேசை.

எங்கள் வீட்டில் சார்ஜ் போடுகிற இடம் அந்த மேசைக்குப் பக்கத்துச் சுவர்தான். பின்னேரங்களில் என் போனும் தங்கையின் போனும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கனடாவில் விடிகிற நேரம் அது. முன்பெல்லாம் குடும்பக் குறூப்பில் அண்ணா எதையாவது போட்டார் என்றால் இரண்டும் ஒன்றாகத் துடிக்கும். வெந்நீர் குடித்தால் வரும் நன்மை, பூண்டு, வெள்ளிக்கிழமைப் பிள்ளையார். நான் அவற்றில் பாதிக்கு மறுப்பு எழுதிச் சண்டை பிடிப்பேன். சில வாரங்களாக என் போன் செத்தது போலக் கிடந்தது. தங்கையின் போன் மட்டும் விட்டு விட்டு வெளிச்சம் போட்டது. ஆடிவேல் விழாவுக்காக வீதியில் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், பருப்பைப் புடைத்தபடி நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடையது துடித்தது, என்னுடையது சும்மா கிடந்தது. திரும்பவும் அவளுடையது துடித்தது. கணக்குப் பார்த்தவளுக்கு அது போதும்.

தங்கை குளித்துவிட்டு வந்தாள். தலையில் துவாய்.

"என்னை விட்டிட்டு ஒரு குறூப் துவங்கியிருக்கிறியள் என்ன?" என்று கேட்டேன்.

அவள் இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். பிறகு போனை எடுத்து, திறந்து, மேசையில் என் பக்கமாகத் தள்ளிவிட்டு, எதிரில் இருந்தாள். துவாயைக்கூட அவிழ்க்கவில்லை.

குறூப்புக்கு 'அக்கா' என்று பெயர். பெயருக்குப் பக்கத்தில் கும்பிட்ட கைகள். படமாக என்னைத்தான் வைத்திருந்தார்கள், அண்ணாவின் மகளுடைய கல்யாணத்தில் சரிகைச் சேலை கட்டி எடுத்த படம். மரண அறிவித்தலுக்கு இப்போதே படம் தெரிவு செய்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். தங்கை குமுறி அழுதாள்.

நான் மேலே போய் முதலிலிருந்து வாசித்தேன். முதலில் ரிப்போட். பெருங்குடலில் புற்றுநோய். அந்த ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும், என்றாலும் வேறொருவரின் பெயரை வாசிப்பது போல என் பெயரைத் திரும்பவும் ஒருமுறை வாசித்தேன். அதற்குக் கீழே ஸ்கான் ரிப்போட். ஈரலில் ஒன்றும் இல்லை, வேறெங்கும் பரவியதற்கு அடையாளம் இல்லை. பிறகு தங்கையின் குரல்பதிவு. ரிப்போட் காட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசியிருக்கிறாள், பின்னால் பஸ் ஹோர்ன். டொக்டர் வெட்டி எடுக்கலாம் என்கிறார், சீக்கிரம் வெட்டவேண்டும் என்கிறார், ஒரு திகதி தந்திருக்கிறார், அக்காவைக் கூட்டி வரட்டாம் என்று அழுது அழுது சொல்லியிருந்தாள்.

பிறகு வாக்குவாதம். எனக்குச் சீனி வியாதி. இதயத்தில் ஸ்டென்ட். வயது. வெட்டினால் மலம் போக வயிற்றில் பை கட்ட வேண்டிவரலாம். அவ பையோடை இருக்கமாட்டா, மானஸ்தி, என்று தம்பி எழுதியிருந்தான். அப்பாவை வெட்டி என்னத்தைக் கண்டம் என்று அண்ணா எழுதியிருந்தார். அப்பா ஒரு ஒபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்போது அண்ணாவிடம் பயணம் செய்யப் பத்திரங்கள் இல்லை. வந்து முகம் பார்க்கவும் முடியவில்லை. அதை வாசித்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் மனம் இளகியது.

பிறகு அண்ணா மெசினிடம் கேட்டிருக்கிறார். கேள்வி கேட்டால் மனுஷர் மாதிரிப் பதில் எழுதுகிற அந்தப் புதுச் செயலிதான். என் ரிப்போட் முழுவதையும் அதற்குக் கொடுத்து, இப்படி ஒரு சகோதரிக்கு ஒபரேஷன் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். முதலில் அது அண்ணாவுக்கு ஆறுதல் சொல்லியிருந்தது. இந்தக் கடினமான நேரத்தில் உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது என்று எழுதியிருந்தது. வருத்தம் எனக்கு, ஆறுதல் அவருக்கு. பிறகு வெட்டினால் உள்ள ஆபத்துகள், வெட்டாவிட்டால் உள்ள ஆபத்துகள் என்று இரண்டையும் நீளமாக எழுதியிருந்தது. அண்ணா அதில் வெட்டினால் உள்ள ஆபத்துகளை மட்டும் கத்தரித்துத் திரும்பவும் ஒருமுறை போட்டிருந்தார். மெசினின் பதிலில் கடைசி வரி, நோயாளியின் விருப்பத்தைக் கேட்டறிவது மிக முக்கியம் என்பது. மெசினுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பதிலுக்குக் கீழே தம்பி கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தான்.

தங்கை ஒரே ஒரு முறை எழுதியிருந்தாள். "அக்காவிட்டை ஒருக்காக் கேப்பமா அண்ணா?" அண்ணாவின் பதில் அதற்கு அடுத்தே இருந்தது. "கேட்டால் அவ தாங்கமாட்டா. அவவை எனக்குத் தெரியும்." அதற்குப் பிறகு, திகதியைக் கென்சல் பண்ணியாச்சு என்று அண்ணா. நல்ல முடிவு என்று தம்பி. கும்பிட்ட கைகள். பிறகு மஞ்சள் குளிசை, நாக்கு வைத்தியர், என் நிறை குறைவது பற்றித் தங்கை போட்ட கவலைகள், ரசம் பற்றி நான் எழுதிய பகிடியை எடுத்துப்போட்டு, பாவம், ஒன்றும் தெரியாமல் இருக்கிறா என்று ஒருவர். யார் என்று நான் சொல்லப் போவதில்லை.

அந்த 'பாவம்' என்ற சொல்லுக்குத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. புற்றுநோய்க்கு வரவில்லை. போனை மூடி வைத்துவிட்டு, பருப்பைக் கழுவி அடுப்பில் வைத்தேன். தங்கையோடு அன்று நான் கதைக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் என் பழைய அலுவலகத் தோழி ஒருத்தி இருக்கிறாள். பக்கத்து மேசையில் இருந்து வேலை செய்தவள். அடுத்த நாள் அவளுக்கு எடுத்து, ஆஸ்பத்திரிக்கு என்னோடு வா என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் பஸ் பிடித்து வந்தாள், கையில் மீன் அடைத்த மாலுபாண் பையோடு. நான் காலையில் சாப்பிட்டிருக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

நம்பர் எடுக்கச் செயலிக்குப் போகவில்லை, நேரே கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை என் அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ்ம கென்சல் கரலா நே" என்றாள். நீங்கள்தானே ரத்துச் செய்திருக்கிறீர்கள் என்று. கணினியில் அப்படித்தான் இருக்கிறதாம், நோயாளி ரத்துச் செய்தார் என்று. அவள் பொய் சொல்லவில்லை. நான் என்று சொல்லிக்கொண்டுதான் அண்ணா அந்தச் செயலிக்குள் போயிருக்கிறார். நான் செய்யவில்லை என்று சிங்களத்தில் விளக்கப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அவள் மரியாதையாகத்தான் தலையாட்டினாள், ஆனால் நான் மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருப்பாள். வயது போனால் அப்படித்தானே நினைப்பார்கள். நம்பரை மாற்றச் சொல்லி, என் நம்பரைக் கொடுத்தேன். ஒவ்வொரு இலக்கமாக, சத்தமாக.

டொக்டர் என் ரிப்போட் கோவையைப் பார்த்து, என்னைப் பார்த்து, யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தோழி வெளியே இருக்கிறாள், ஆனால் அவளுக்கு வருத்தம் இல்லை, எனக்குச் சொல்லுங்கள் என்றேன்.  ஏன் அந்தத் திகதிக்கு வரவில்லை என்று அவர் கேட்டார். வராமல் விட்டது யார் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இப்படி வருகிற ஆள் நீங்கள் மட்டும் இல்லை என்று மட்டும் சொன்னார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். திரும்பவும் ஸ்கான் எடுக்கவேண்டும் என்றார்.

அந்த ஸ்கான் முடிவு என் போனுக்கு வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். மீன்காரர் பாரையை வெட்டிக்கொண்டிருந்தார். கைப்பைக்குள் போன் ஒருமுறை துடித்தது. இணைப்பை அமுக்கினேன். ஈரல் என்ற சொல் இருந்தது. அதற்கு முன்னால் 'பல' என்ற பொருளில் ஒரு சொல். மெசினிடம் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பழைய ரிப்போட்டில் இல்லாதது புதியதில் இருக்கிறது, அவ்வளவுதான். கணக்குப் படித்தவளுக்கு விளக்கம் தேவையில்லை. தலையும் வேண்டுமா என்று மீன்காரர் இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போதுதான் அழுதேன்.  நல்லாக அழுதேன். தங்கை ஓடி வந்து பிடித்தாள். அவளைத் தள்ளிவிடவில்லை.

வெட்டி இனிப் பிரயோசனம் இல்லை என்று டொக்டர் சொன்னார். மருந்து ஏற்றிப் பார்க்கலாம், காலத்தைக் கொஞ்சம் நீட்டலாம், நோயை மாற்ற முடியாது. சித்திரையில் வெட்டியிருந்தால் தப்பியிருப்பேனா என்று நேராகவே கேட்டேன். அவர் நேர்மையான மனிதர். சத்தியம் பண்ண முடியாது, அப்போதே கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கவும் கூடும், ஆனால் நல்ல சந்தர்ப்பம் இருந்தது என்றார். அந்த 'நல்ல' என்ற சொல்லை அவர் மெதுவாகச் சொன்னார்.

அன்று பின்னேரம் நானே அண்ணாவுக்கு வீடியோவில் எடுத்தேன். தம்பியையும் சேர்த்தேன். அண்ணா கையில் தேத்தண்ணியோடு இருந்தார். எனக்குத் தெரியும் என்பதைத் தங்கை ஏற்கெனவே சொல்லியிருப்பாள், அவர் முகத்தில் அது இருந்தது. புது ஸ்கானில் வந்ததையும், டொக்டர் சொன்னதையும், நான் கணக்கு ஒப்புவிக்கிற மாதிரி ஒன்றும் விடாமல் சொன்னேன். தம்பி உடனே ஏதோ புது மருந்து பற்றி வாசித்தேன் என்று தொடங்கினான். சும்மா இரு என்றேன். இருந்தான்.

அண்ணா தேத்தண்ணிக் கோப்பையை எங்கேயோ வைத்தார். அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட. சின்ன வயதில் என்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். எனக்குக் கெடுதல் நினைக்கிற மனிதர் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதியவள் ஆவேன். அவர் எனக்காகப் பயந்தார், அப்பாவை நினைத்துப் பயந்தார், பை கட்டிய என்னை நினைத்துப் பயந்தார். அத்தனை பயத்தையும் அவர் தன் கையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே ஒரு பொத்தானை அமுக்கினார். நான் இங்கே பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, உனக்குச் சொன்னால் நீ பயந்து போவாய் எண்டுதான்..." என்றார். 

"பயந்துதான் இருப்பன் அண்ணா," என்றேன். "பயந்து பயந்து போய் வெட்டுவிச்சிருப்பன்."

அண்ணா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது முடியும்வரை நான் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.